டெல்ஃப்ட் குமாஸ்தாவின் வெள்ளை அட்டைகள்: யான் ஸ்கோன்ஹோவன், ஒரு நிகழ்வு ஆய்வு

யான் ஸ்கோன்ஹோவன் 1946-இல் நெதர்லாந்தின் அஞ்சல், தந்தி, தொலைபேசித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1979-இல் அங்கிருந்தே ஓய்வு பெற்றார். இடையில் 33 வருடம், பகலில் கோப்பு, சாயங்காலம் டெல்ஃப்ட் நகரத்து வீட்டில் அட்டை, பசை, வெள்ளை பெயிண்ட். அந்த மேசையில் ஒட்டிக் காயவைத்த பலகைகள்தான் இன்று ஆம்ஸ்டர்டாம், லண்டன், நியூயார்க் என்று பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன.

போருக்குப் பிந்தைய ஐரோப்பிய அரூபக் கலையில் வெள்ளைப் புடைப்பு என்று ஒரு வகை உண்டு. படம் போலத் தட்டையாகவும் இருக்காது, சிற்பம் போலத் தரையில் தனியாகவும் நிற்காது. சுவரில்தான் மாட்டியிருக்கும், ஆனால் பரப்பிலிருந்து சில சென்டிமீட்டர் எழும்பியோ உள்ளே குழிந்தோ இருக்கும். நிறம் என்று பார்த்தால் வெள்ளை மட்டும். வடிவம் என்று பார்த்தால் சதுரம், வட்டம், கோடு, இப்படி ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வரும். 1950களின் கடைசியிலும் 60களிலும் மிலான், டுசெல்டார்ஃப், பாரிஸ், வார்சா, ஆம்ஸ்டர்டாம் என்று பல ஊர்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இது கிளம்பியது. இதைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, போரில் எல்லாம் நாசமான பிறகு கலைஞர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்க விரும்பினார்கள், அதனால் வெள்ளை. இரண்டு, இது கைபடாத, உணர்ச்சி கலக்காத, இயந்திரம் போன்ற கலை. ஸ்கோன்ஹோவனை மட்டும் தனியாக எடுத்துவைத்துப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் பொருந்துகிறது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் முன்கதை, சுருக்கமாக. வெள்ளை மேல் வெள்ளை என்ற யோசனை போருக்குப் பிறகு முளைத்தது கிடையாது. ரஷ்ய ஓவியர் மாலேவிச் 1918-லேயே வெள்ளைப் பரப்பில் சற்றே சாய்ந்த வெள்ளைச் சதுரம் வரைந்துவிட்டார். இங்கிலாந்தில் பென் நிக்கல்சன் 1934 முதல் மரப்பலகையில் வட்டமும் செவ்வகமும் குடைந்து முழுக்க வெள்ளை அடித்த புடைப்புகளைச் செய்தார். 1935-இல் மஹோகனிப் பலகையில் செதுக்கிய ஒன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் பாரிஸில் டச்சு ஓவியர் மோன்ட்ரியானின் வெள்ளைச் சுவர்கள் கொண்ட பட்டறைக்குப் போயிருந்தார். ஆக வெள்ளை, புடைப்பு, வடிவியல் மூன்றும் 1939-க்கு முன்பே ஒன்றுசேர்ந்துவிட்டன. போருக்குப் பின் மாறியது வேறு: ஒரு பலகைக்குள் ஒரு வட்டத்தையும் ஒரு சதுரத்தையும் எங்கே வைத்தால் அழகாக அமையும் என்று தேடுகிற வேலையையே பலர் விட்டுவிட்டார்கள். அந்த விடுதல்தான் இந்த ஆய்வின் மையம்.

ஸ்கோன்ஹோவன் 1914-இல் டெல்ஃப்ட்டில் பிறந்தவர், 1994-இல் அங்கேயே இறந்தார். 1930களில் ஹேக் நகரத்துக் கலை அகாடமியில் படித்தார். போருக்குப் பிறகு பல வருடம் அவர் செய்ததெல்லாம் சுவிஸ்-ஜெர்மன் ஓவியர் பால் க்ளேயின் பாதிப்பு அப்பட்டமாகத் தெரியும் சின்னச் சின்ன ஓவியங்கள், கோட்டுச்சித்திரங்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அவற்றை வைத்து யாரும் அவரை நினைவில் வைத்திருக்கப்போவதில்லை. 40 வயதைத் தாண்டிய பிறகுதான் அவருடைய சொந்த வேலை தொடங்குகிறது. இளவயதுப் புரட்சி, பழையதைக் கொளுத்து என்கிற வேகமெல்லாம் இந்தக் கதையில் கிடையாது. வேலை, குடும்பம், ஜாஸ் இசைமேல் ஆசை, மாதச் சம்பளம் என்று வாழ்ந்த நடுவயதுக்காரர்.

1958-இல் ஹென்க் பேட்டர்ஸ், அர்மாண்டோ, கேஸ் ஃபான் போஹெமென் ஆகியோருடன் சேர்ந்து நெதர்லாந்து இன்ஃபார்மல் குழுவில் இருந்தார். இன்ஃபார்மல் என்றால் அந்தக் காலத்து ஐரோப்பாவில் வடிவம் என்று எதையும் திட்டமிடாமல் பெயிண்ட்டையும் மணலையும் தாரையும் அப்பி, பரப்பே தானாகப் பேசட்டும் என்று விடுவது. ஸ்கோன்ஹோவனின் அப்போதைய வேலைகள் காகிதக்கூழ் அப்பிய கரடுமுரடான பரப்புகள். அவற்றில் மேடு பள்ளம் உண்டு, ஒழுங்கு கிடையாது. இந்தக் கட்டம் முக்கியம், ஏனென்றால் பின்னால் அவர் கட்டம் கட்டமாகச் செய்யத் தொடங்கியபோதும் அந்தக் காகிதக்கூழை விடவில்லை. வடிவத்தை மாற்றினார், பொருளை மாற்றவில்லை.

அதே சமயத்தில் இத்தாலியிலிருந்து பியரோ மன்சோனி என்ற கலைஞர் நெதர்லாந்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். 1958-இல் ராட்டர்டாமில் அவருடைய கண்காட்சி நடந்தது. கேன்வாஸைக் கயோலின் களிமண்ணில் முக்கி, மடித்து, காயவிட்டு, ‘அக்ரோம்’ என்று பெயர் வைத்தார். அதாவது நிறமே இல்லாதது. மன்சோனிக்கு அப்போது 25 வயதுதான். 1963-இல், 29 வயதில் இறந்தும் போனார். டுசெல்டார்ஃப்பில் கலைஞர்கள் ஹைன்ஸ் மாக்கும் ஓட்டோ பீனவும் 1957-இல் தங்கள் பட்டறையிலேயே ஒரே ஒரு மாலை மட்டும் நடக்கும் கண்காட்சிகளைத் தொடங்கி, ‘ஸீரோ’ என்ற பெயரில் குழுவும் இதழும் கொண்டுவந்தார்கள். பலகையில் ஆணி அடித்துக் கலை செய்த குந்தர் யூக்கர் பிற்பாடு சேர்ந்துகொண்டார். 1960-இல் ஜெர்மனியின் லெவர்குசெனில் உடோ குல்டர்மான் ஒற்றை நிற ஓவியங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார். டெல்ஃப்ட்டில் பிறந்த யான் ஹெண்டரிக்ஸே டுசெல்டார்ஃப்பில் குடியேறியிருந்ததால் செய்தி போக்குவரத்துக்குக் குறைவில்லை. அட்டை ஒட்டும் அஞ்சல் துறை ஊழியர் தனித்தீவில் இருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பாவில் என்ன நடக்கிறது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சரி, பலகையைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

1960களில் அவர் செய்த புடைப்புகளில் நிறையப் பேருக்குத் தெரிந்த வகை இது. அடியில் ஒரு பலகை. அதன்மேல் அட்டைப் பட்டைகளைச் செங்குத்தாக நிறுத்திக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பார், அதனால் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் கிடைக்கும். ஒவ்வொரு அறையும் ஏறத்தாழ ஒரே அளவு. அட்டையின் வெட்டு விளிம்பு தெரியாமலிருக்க மேலே காகிதத் துண்டுகளைப் பசையில் நனைத்துச் சுற்றி ஒட்டுவார், மூலைகளில் காகிதக்கூழ் அடைப்பார். காய்ந்த பிறகு எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளை எமல்ஷன் பெயிண்ட், வீட்டுச் சுவருக்கு அடிப்பது போன்றதுதான். தொடக்ககாலப் புடைப்புகள் சிலவற்றில் டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவில் இருக்குமே அட்டைக்குழல், அதைக்கூட நறுக்கி அடுக்கியிருக்கிறார். நெளி அட்டையும் உண்டு. கடையில் போய்க் கலைப்பொருள் என்று காசு கொடுத்து வாங்க வேண்டியது இதில் அநேகமாக எதுவும் இல்லை.

பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அச்சில் வார்த்தது போலத் தெரியும். கிட்டே போனால் கதை மாறுகிறது. அறைச் சுவர்கள் முழு நேராக இல்லை. ஒன்று லேசாக வயிறு தள்ளியிருக்கும், பக்கத்தில் இருப்பது ஒரு மயிரிழை குட்டை. மேல்விளிம்பு கூர்மையாக இருக்காது, பல அடுக்குக் காகிதமும் பெயிண்ட்டும் சேர்ந்து மழுங்கியிருக்கும். காகிதத் துண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடத்தில் மெல்லிய வரம்பு. தூரிகை ஓடிய தடம் அங்கங்கே. அறைகளின் தரையில் கூழ் சுருங்கியதால் வந்த சொரசொரப்பு. அளவுகோல் வைத்துத்தான் கட்டம் போட்டிருக்கிறார், ஆனால் கத்தி பிடித்தது கை, ஒட்டியது கை, அட்டை ஈரத்தில் ஊதி வளைந்தது அதன் போக்கில். இந்தப் பிசகுகளை அவர் தேடிப்போகவில்லை, மறைக்கவும் மெனக்கெடவில்லை. கையெழுத்தை, அதாவது தன் கையின் சாயலை, ஒழிக்க வேண்டும் என்று சட்டம் போட்டுக்கொண்ட ஒருவருடைய வேலையில் கையெழுத்து வேறு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. இதே கட்டத்தைப் பிளாஸ்டிக்கில் வார்த்தெடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு அருங்காட்சியகத்தின் அடுத்த கூடத்துக்குப் போயிருப்போம் என்பது என் எண்ணம்.

அடுத்தது வெளிச்சம். வெள்ளைதான் இந்தப் புடைப்புகளின் விஷயம் என்று நினைத்தால் பாதி போய்விடும். உண்மையில் கண்ணில் படுவது சாம்பல். இடது மேலிருந்து வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு அறையின் இடது சுவரும் மேல் சுவரும் அறைக்குள் நிழலைக் கொட்டும், வலது சுவரும் கீழ் சுவரும் பளிச்சென்று வெளிச்சத்தை வாங்கும், தரையில் ஒரு வெளிச்ச மூலை மிஞ்சும். இந்த ஒரே சம்பவம் நூற்றுக்கணக்கான அறைகளில், ஒவ்வொன்றிலும் இம்மி வித்தியாசத்துடன் நடக்கிறது, ஏனென்றால் மேலே சொன்ன மாதிரி எந்தச் சுவரும் இன்னொன்றைப் போல அச்சாக இல்லை. வெளிச்சம் நகர்ந்தால் அத்தனை நிழலும் சேர்ந்து நகரும். பலகையை மூடுபனி நாளின் மந்தமான ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தால் கட்டமே கரைந்துபோய் ஒரு வெளுத்த பரப்பு மட்டும் நிற்கும், பக்கவாட்டு விளக்கில் வைத்தால் கறுப்பு வெள்ளைக் கட்டமாகத் தெறிக்கும். சில புடைப்புகளில் அவர் அறையின் தரையைச் சாய்வாக வைத்து, ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேடு என்று செய்திருக்கிறார். அவற்றில் ஒரே வெள்ளை பெயிண்ட்டில் நாலைந்து படிச் சாம்பல் கிடைக்கிறது. பெயிண்ட்டைக் கலக்கி நிழல் தீட்டுவது ஓவியனின் வேலை. இவர் அந்த வேலையை ஜன்னலிடம் கொடுத்துவிட்டார்.

இதனால்தான் புகைப்படத்தில் ஸ்கோன்ஹோவனைப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்வது ஆபத்து. படம் ஒரே ஒரு வெளிச்சத்தைப் பிடித்துவைக்கிறது, அதுவும் பெரும்பாலும் நிழல் கறாராக விழும்படி வைத்த விளக்கில். பார்க்க அழகான டிசைன் மாதிரி இருக்கும். அருங்காட்சியகங்களும் சில நேரம் இதைக் கெடுக்கின்றன: கூரையில் இரண்டு மூன்று ஸ்பாட் விளக்குகளைப் பல திசையிலிருந்து அடித்தால் ஒவ்வொரு அறையிலும் இரட்டை நிழல் விழுந்து, கட்டம் குழம்பி, ஏதோ அச்சுப்பிழை போல ஆகிவிடுகிறது. ஒரு பக்கத்து ஜன்னல் போதும். வீட்டில் செய்த பொருள் வீட்டு வெளிச்சத்தைத்தான் கேட்கிறது.

இப்போது, ஏன் கட்டம்? அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர், கட்டம் கட்டமாகச் செய்தார், ஆக இது தபால் பிரிக்கும் அலமாரிதான் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, விளக்கமாக மிகவும் மெலிந்தது. அதே துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள், அவர்களில் யாரும் வீட்டுக்குப் போய் அட்டையை நறுக்கவில்லை. டெல்ஃப்ட்டின் கல் பாவிய தெருக்கள், செங்கல் சுவர்கள், ஜன்னல் வரிசைகள், சாக்கடை மேல் இருக்கும் இரும்புக் கிராதி, இவற்றையும் மூலமாகக் காட்டுவார்கள். அது கொஞ்சம் பரவாயில்லை, ஏனென்றால் பலகைகளைப் பார்த்துவிட்டு அந்தத் தெருவில் நடந்தால் தரையும் சுவரும் அதே மாதிரி தெரியத்தான் செய்யும். ஆனால் அவரே எழுத்தில் வைத்த காரணம் இவற்றைவிட உருப்படியானது. பரப்பின் எந்த இடத்துக்கும் தனிச் சலுகை காட்டக்கூடாது, அந்தத் தேவையிலிருந்துதான் ஒழுங்குமுறை பிறக்கிறது என்பது அவருடைய வாதம்.

இதை மோன்ட்ரியானுக்குப் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு பெரிய விலகல் என்று புரியும். டச்சு வடிவியல் கலை என்றால் அதுவரை மோன்ட்ரியான்தான். அவருடைய கித்தானில் ஒரு பெரிய சிவப்பை ஒரு சின்ன நீலம் தாங்கிப்பிடிக்கும், சமமில்லாத பாகங்களை எடைபோட்டு எடைபோட்டுச் சமநிலைக்குக் கொண்டுவருவதுதான் மொத்த வேலையும், அந்த எடை பார்க்கிற கண்தான் கலைஞன். ஸ்கோன்ஹோவன் தராசையே தூக்கிப்போட்டார். எல்லாப் பாகமும் சமம் என்றால் சமநிலை தேட என்ன இருக்கிறது? எங்கே எதை வைப்பது என்ற கேள்வியே எழாது. கட்டத்தின் அளவு, ஆழம், சாய்வு, எத்தனை வரிசை என்று முதலில் முடிவுசெய்துவிட்டால் மிச்சம் வெறும் வேலைதான், வரிசையாக முடித்துக்கொண்டே போகலாம். இங்கேதான் அலுவலக வாழ்க்கை உள்ளே வருகிறது என்று நினைக்கிறேன், அலமாரியின் தோற்றமாக இல்லை, வேலை செய்யும் முறையாக. பகல் முழுக்க உழைத்துவிட்டு வந்தவனுக்கு இரவில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். அதில் உந்துதல் வருமா வராதா என்று காத்திருக்க முடியாது. முன்னமே விதி போட்டுவைத்த வேலையை எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம், மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். இன்ஃபார்மல் ஓவியம் அப்படி விட்டுவிட்டுச் செய்ய வராது.

தலைப்புகளிலும் இதே புத்திதான். ‘ஆர்’ என்றால் ரிலீஃப், அதாவது புடைப்பு, அப்புறம் வருடம், அப்புறம் அந்த வருடத்தில் எத்தனையாவது என்ற எண். கோட்டுச்சித்திரமாக இருந்தால் ‘டி’. கோப்பு எண் போலவே இருக்கிறது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

1961-இல் பழைய இன்ஃபார்மல் குழு கலைந்து அதிலிருந்து ‘நுல்’ வந்தது. நுல் என்றால் டச்சு மொழியில் பூஜ்யம். பேட்டர்ஸ், அர்மாண்டோ, ஹெண்டரிக்ஸே, ஸ்கோன்ஹோவன், நாலு பேர். 1962-இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் ஜெர்மனி, இத்தாலி நண்பர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு கண்காட்சி நடத்தினார்கள். பேட்டர்ஸ்தான் ஓடியாடி ஏற்பாடு செய்தவர், செலவைக் கலைஞர்களே ஏற்றுக்கொண்டார்கள். அர்மாண்டோ கறுப்புக் கார் டயர்களைச் சுவர் முழுக்க அடுக்கினார், ஹெண்டரிக்ஸே பீர் பெட்டிகளை அடுக்கினார், பேட்டர்ஸ் பஞ்சும் இறகும் நைலானும் வைத்து வேலை செய்பவர். இந்தக் கூட்டத்தில் ஸ்கோன்ஹோவனின் அட்டைப் புடைப்பு எவ்வளவு அடக்கமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மற்ற மூவரும் உலகத்திலிருந்து ஒரு பொருளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அப்படியே வைத்தார்கள். இவர் மட்டும் மெனக்கெட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். வயதிலும் அவர்தான் மூத்தவர், பேட்டர்ஸைவிட 11 வருடம், ஹெண்டரிக்ஸேயைவிட 23 வருடம்.

பூஜ்யத்திலிருந்து தொடங்குதல் என்ற கதைக்கு இங்கே ஒரு இடைஞ்சல். அர்மாண்டோ வளர்ந்தது அமர்ஸ்ஃபோர்ட்டில், நாஜிகள் நடத்திய முகாமுக்குப் பக்கத்தில். பின்னாளில் அவருடைய எழுத்தும் ஓவியமும் முழுக்க அந்த நினைவையும், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா நின்ற மரங்களின் குற்றத்தையும்தான் சுற்றிவந்தன. அவர் டயர் அடுக்கியது கறுப்பில், வெள்ளையில் இல்லை. ஒரே குழுவில், ஒரே பூஜ்யத்தின் பேரில், ஒருவருக்கு அது மறக்கமுடியாத கறுப்பு, இன்னொருவருக்கு ஜன்னல் வெளிச்சம் விழும் வெள்ளை. டெல்ஃப்ட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ராட்டர்டாமின் நடுப்பகுதி 1940 மே 14 குண்டுவீச்சில் எரிந்து தரைமட்டமானது, அதை அந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஸ்கோன்ஹோவனின் பலகையில் போரைத் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1945-இல் முடிந்த போருக்கு 1960-இல் வெள்ளை அடித்தார் என்றால் நடுவில் அந்த 15 வருடம் க்ளே மாதிரி வரைந்தும் பிறகு காகிதக்கூழ் அப்பியும் கழித்ததை என்னவென்று சொல்வது? போர் பின்னணி, சரி. காரணம் வேறெங்கோ, பெரும்பாலும் கலைக்குள்ளேயே இருக்கிறது: இன்ஃபார்மல் ஓவியத்தின் உணர்ச்சிப் பெருக்கு 1958 வாக்கில் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஆகிவிட்டது, அதில் அவர்களுக்கே சலிப்புத் தட்டிவிட்டது.

1965-இல் ஸ்டெடலிக்கில் இரண்டாவது நுல் கண்காட்சி, இந்த முறை ஜப்பானின் குட்டாய் கலைஞர் குழு, ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா எல்லாரும் உண்டு. அத்தோடு குழு முடிந்தது. அடுத்த வருடம் டுசெல்டார்ஃப் ஸீரோவும் கடையைக் கட்டியது. அதே 1966-இல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக் கலைக்கூடத்தில் கண்காட்சி அமைப்பாளர் ஹரால்ட் ஸீமன் ‘வெள்ளையின் மேல் வெள்ளை’ என்று ஒரு கண்காட்சியே வைத்துவிட்டார், அதாவது வெள்ளை அதற்குள் வரலாறு ஆகிவிட்டது. ஸ்கோன்ஹோவனுக்கு 1967-இல் பிரேசிலின் சாவோ பாலோ பியெனாலேயில், அதாவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சியில், இரண்டாம் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு 53 வயது. பரிசுக்குப் பிறகும் 12 வருடம் அதே அலுவலகத்துக்குப் போய்வந்தார்.

மற்றவர்களோடு வைத்துப் பார்த்தால் இவருடைய வழி இன்னும் துலக்கமாகிறது. மிலானில் என்ரிகோ காஸ்டெல்லானி 1959 முதல் கேன்வாஸுக்குப் பின்னால் ஆணி வரிசை வைத்து, சில இடத்தில் துணியை முன்னே தள்ளி, சில இடத்தில் பின்னே இழுத்து அடித்தார். அதே வெள்ளை, அதே ஒழுங்கு, அதே நிழல், ஆனால் அங்கே இழுவிசை இருக்கிறது, தோல் போல விறைத்து நிற்கிறது, பார்த்தால் உடனே பிடிக்கும். ஸ்கோன்ஹோவனில் எதுவும் விறைப்பாக இல்லை, எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. பாரிஸில் 1961 முதல் 1974 வரை இருந்த பிரேசில்காரர் செர்ஜியோ காமார்கோ, மர உருளைகளைச் சாய்வாக நறுக்கிப் பலகையில் நெருக்கமாக ஒட்டி வெள்ளை அடித்தார்; சாப்பிட ஆப்பிளை இரண்டு பக்கம் சாய்த்து வெட்டியபோது இரண்டு தளங்கள் சந்திக்கும் இடத்தில் வெளிச்சம் விழுந்ததைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். அவருடையது நெரிசல், கட்டம் கிடையாது. வார்சாவில் ஹென்றிக் ஸ்தாஷெவ்ஸ்கி. 1894-இல் பிறந்து அரூபக் கலையின் 1920களின் முதல் அலையிலேயே இருந்தவர். கம்யூனிஸ்ட் போலந்தில் சோஷலிச யதார்த்தவாதம் கட்டாயமாக இருந்த வருடங்களைத் தாண்டி, 1956-இல் இறுக்கம் தளர்ந்த பிறகு, அறுபது வயதுக்கு மேல் புடைப்புகள் செய்யத் தொடங்கினார். அவருக்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்கத் தேவையே இல்லை, நடுவில் அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டால் போதும். போருக்குப் பிந்தைய வெள்ளை என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டுவது தவறு என்பதற்கு ஸ்தாஷெவ்ஸ்கி ஒருவர் போதும்.

நெதர்லாந்திலேயே ஆட் டெக்கர்ஸ் என்று ஒருவர் இருந்தார், ஸ்கோன்ஹோவனைவிட 24 வயது இளையவர். அவருடைய வெள்ளைப் புடைப்புகளில் பிசிறே கிடையாது. பாலியெஸ்டரிலும் மரத்திலும் கூர்மையான வெட்டு, வட்டம் எந்தக் கணத்தில் சதுரமாகிறது என்பது போன்ற ஒரே ஒரு கேள்வி, அதற்குத் துல்லியமான விடை. இயந்திரம் போன்ற வெள்ளை என்ற பேச்சு பொருந்துவது இவருக்குத்தான். 1974-இல், நாற்பது வயதாவதற்குள் தற்கொலை செய்துகொண்டார். இருவரையும் ஒரே சுவரில் மாட்டினால் ஸ்கோன்ஹோவன் எவ்வளவு அழுக்கான, ஆமாம், அழுக்கான கலைஞர் என்று தெரியும்.

அழுக்கு என்றதும் பராமரிப்பு விஷயம் வந்துவிடுகிறது. பழைய செய்தித்தாள் எப்படி மஞ்சளாகிறதோ அதேதான் மலிவான காகிதத்துக்கும் அட்டைக்கும். உள்ளே இருக்கும் அமிலம் சும்மா இருக்காது. பசையும் பழுக்கும். மேலே பெயிண்ட் இருப்பதால் உடனே தெரியாது, வருடம் போகப் போக வெள்ளை தந்த நிறத்துக்கு இறங்கும், அட்டை ஈரத்துக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும்போது மூலைகளில் பெயிண்ட் வெடிக்கும். தூசி இன்னும் பெரிய தொல்லை. ஒவ்வொரு அறையின் கீழ்ச் சுவரும் ஒரு குட்டி அலமாரித் தட்டு, நூற்றுக்கணக்கான தட்டுகளில் தூசி படிந்தால், வெளிச்சம் பட்டு மின்ன வேண்டிய விளிம்பு சாம்பலாகி, நிழலின் கணக்கே தலைகீழாகிறது. துடைக்கலாம் என்றால் பளபளப்பில்லாத பெயிண்ட்டைத் தேய்த்த இடம் மின்ன ஆரம்பித்துவிடும். மேலே புதிதாக ஒரு கோட்டிங் வெள்ளை அடித்துவிடலாமே என்று வாங்கி வைத்திருப்பவருக்குத் தோன்றலாம், ஆனால் தூரிகைத் தடமும் காகித வரம்பும் மூடிப்போனால் பிறகு அங்கே வெறும் கட்டம்தான் மிஞ்சும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் தூசி வராது, பிரதிபலிப்பு வரும், வெளிச்சம் சிதறும். எதைச் செய்தாலும் ஒன்று போகிறது. தற்காலிகம் போன்ற பொருளில் நிரந்தரம் போன்ற வடிவத்தைச் செய்ததன் விலை இது.

பரிசுக்குப் பிறகு கேட்பவர்கள் கூடினார்கள், ஒரு ஆள் இரவில் செய்து கொடுக்கிற அளவைத் தாண்டிவிட்டது. உதவியாளர்கள் வந்தார்கள், அவர் திட்டம் கொடுக்க, அவர்கள் ஒட்டினார்கள். அவருடைய கொள்கைப்படி இதில் எந்தத் தப்பும் இல்லை, கையெழுத்தே வேண்டாம் என்றவருக்கு யார் கை ஒட்டினால் என்ன? கொள்கையளவில் நானும் ஒத்துக்கொள்கிறேன். கண்ணுக்கு மட்டும் ஒத்துவரவில்லை. பிற்காலப் புடைப்புகள் பலவற்றில் விளிம்பு சீராக இருக்கிறது, அறைகள் ஒழுங்காக இருக்கின்றன, திட்டம் அப்படியே நிறைவேறியிருக்கிறது, அதனாலேயே கொஞ்சம் சப்பென்று இருக்கிறது. அதே சமயம் அவர் கையாலேயே போட்டுக்கொண்டிருந்த மைக் கோட்டுச்சித்திரங்கள் உயிரோடு இருந்தன. நடுங்கும் சின்னச் சின்னக் கோடுகளால் பரப்பை நிரப்புவார், புடைப்பில் குறைந்துபோனது அங்கே கிடைக்கிறது.

சந்தை இந்த வித்தியாசத்தைப் பார்த்து விலை வைக்கிறதா என்பது வேறு கதை. 2010 பிப்ரவரியில் லண்டன் சோதபீஸ் ஏல நிறுவனத்தில் லென்ஸ் ஷோன்பெர்க் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது ஸீரோ வட்டாரத்து வேலைகள் எல்லாம் எதிர்பார்த்ததைவிட வெகு அதிகமாக விலை போயின. 2014-இல் நியூயார்க் குக்கன்ஹைம் அருங்காட்சியகம் ஸீரோவுக்குப் பெரிய கண்காட்சி வைத்தது, அடுத்த வருடம் ஸ்டெடலிக்கிலும் ஒன்று நடந்தது. அதன்பிறகு ஸ்கோன்ஹோவன் புடைப்பு என்றாலே கௌரவப் பொருள்தான், எந்த வருடம் என்று கேட்காமலே வாங்குபவர்களும் இருப்பார்கள். ஐரோப்பாவில் எங்காவது ஒரு அருங்காட்சியகத்தில் இவருடைய பலகை கண்ணில் பட்டால் முதலில் லேபிளைப் பாருங்கள். ‘ஆர்’ எழுத்துக்குப் பக்கத்தில் 60-லிருந்து 65-க்குள் ஏதாவது எண் இருந்தால் பக்கவாட்டில் போய் நின்று, விளிம்புகளைக் கிட்டத்தில் பாருங்கள், அறைச் சுவர்கள் கோணலாக இருக்கும். 70-க்கு மேல் இருந்தால் தள்ளி நின்றே பார்க்கலாம், அதற்கு அதுவே போதும்.